நிலைபேறும் புதுமையும்: பணிசெயல் முறைமைத் தெரிவு பற்றிய இரு தவறான நோக்குகளுக்கு ஒரு மறுப்பு

1. வினாவின் இயல்பு

மரபா, புதுமையா என்னும் வினா தமிழ் வாசகர்க்குப் புதியதன்று. 1960களில் ஈழத்து இலக்கிய உலகில் அவ்வினாவை மையமாகக் கொண்டு நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்கள் இன்று வரலாறாகிவிட்டன. ஆயினும் அவ்வாதங்களின் தொனி எதிர்பாராத வேறோர் இடத்தில் மீண்டும் கேட்கத் தொடங்கியுள்ளது. கணினியொன்றிற் பணிசெயல் முறைமையை நிறுவ முற்படும் ஒருவர், சில ஆண்டுகளுக்கு மாறாதிருக்கும் நிலைத்த வெளியீட்டைக் கொள்வதா, அன்றி நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும் புத்தம்புதிய வெளியீட்டைக் கொள்வதா என்னும் கேள்வி எழும் இடமே அது.

இக்கேள்விக்கு இரு விடைகள் ஆயத்தமாகவுள்ளன. நிலைத்த வெளியீடு என்பது பழைய வெளியீட்டுக்கு இடப்பட்ட மரியாதைப் பெயர். அதனைக் கொள்வோர் காலத்தாற் பின்தங்கியோர் என்பது முதலாவது விடை. இது பெரும்பாலும் மாணவரிடையே வழங்குவது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தொடலாகாது; மாற்றமே ஆபத்து என்பது இரண்டாவது விடை. இது பெரும்பாலும் நிர்வாகப் பொறுப்பில் உள்ளோரிடையே வழங்குவது. இவ்விரு விடைகளும் தம்முள் முரண்படுவனபோலத் தோன்றினும், அடிப்படையில் ஒரே தவற்றிலிருந்தே பிறந்தவை. நிலைபேற்றையும் புதுமையையும் அவை பண்டத்தின் குணங்களாகக் கருதுகின்றன. அவை உண்மையில் மனித உழைப்பினதும் பொறுப்பினதும் ஒழுங்கமைப்புகள் என்பதை இரண்டுமே மறந்துவிடுகின்றன. இம்மறதியின் விளைவுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ‘நிலைத்தது’ என்பதன் பொருள்

எந்த விவாதத்திலும் சொற்களின் பொருளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் அவசியமாகும். லினக்ஸ் கர்னலை அடிப்படையாகக் கொண்ட வழங்கல்களுள் ஒன்றான டெபியன் இதற்குச் சிறந்த சான்று. 1993 ஆகஸ்டில் இயன் மேர்டொக் என்பவராற் தொடங்கப்பட்ட இவ்வழங்கல், எந்தவொரு வணிக நிறுவனத்தின் உடைமையாகவும் அன்றித் தொண்டர்களின் கூட்டுழைப்பாக வளர்ந்து வந்துள்ளது. இவ்வழங்கலில் மென்பொருட் பொதிகள் மூன்று கிளைகளினூடாகச் செல்கின்றன. புதிய பதிப்பு எதுவாயினும் முதலில் ‘நிலையா’க் கிளையை வந்தடையும். அங்குக் குறித்த சில நாள்கள், வழமையாக இரண்டு, ஐந்து அல்லது பத்து நாள்கள், தங்கிப் புதிய பாரதூரமான வழு எதுவும் தெரியவராதவிடத்தும், தான் சார்ந்திருக்கும் ஏனைய பொதிகளோடு முரண்படாதவிடத்தும், அது ‘சோதனை’க் கிளைக்குச் செல்லும். ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை சோதனைக் கிளை உறைநிலைக்குக் கொண்டுவரப்படும். அதன்பின் புதியன புகா. வழுக்கள் மட்டுமே களையப்படும். அவ்வேலை முடிந்ததும் அக்கிளையே நிலைத்த வெளியீடாக அறிவிக்கப்படும். 2023 ஜனவரியில் தொடங்கிப் படிப்படியாக இறுக்கப்பட்ட உறைநிலை, அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் டெபியன் 12 ஆக வெளிவந்தது. அதனை அடுத்து 2025 ஆகஸ்ட் 9ஆம் நாள் டெபியன் 13 வெளிவந்தது.

இவ்வொழுங்கிற் ‘நிலைத்தது’ என்னுஞ் சொல் எதனைக் குறிக்கிறது என்பது கூர்ந்து நோக்கற்பாலது. அது ‘வழுவற்றது’ எனப் பொருள்படாது. ‘உடைந்துபோகாதது’ எனவும் பொருள்படாது. ‘மாறாதது’ என்பதே அதன் நேர்ப்பொருள். அவ்வாறே ‘நிலையாதது’ என்பது ‘அடிக்கடி உடைவது’ எனப் பொருள்படாது. ‘அடிக்கடி மாறுவது’ என்றே பொருள்படும். நிலையாக் கிளையை நாள்தோறும் பயன்படுத்தி, யாதொரு இடரையும் காணாது ஆண்டுக்கணக்கிற் பணியாற்றுவோர் பலர் உளர். ஆனால் நேற்று ஒருவகையாக இயங்கிய கட்டளை இன்று வேறொருவகையாக இயங்கலாம் என்பதற்கு அவர்கள் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். நிலைத்த வெளியீட்டைக் கொண்டோர் இவ்வாயத்தநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள். இவ்விரண்டுக்குமிடையேயான வேறுபாடு இவ்வளவே.

மற்றொரு செய்தியும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. மாறாதது என்பதனால் நிலைத்த வெளியீடு கைவிடப்பட்டது என்றாகாது. பாதுகாப்புக் குறைபாடு ஒன்று கண்டறியப்படும்போது, அதனைக் களையும் திருத்தம் மட்டும் புதிய பதிப்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் பழைய பதிப்பினுட் பொருத்தப்படும். மென்பொருளின் பதிப்பெண் பழையதாகவே தோன்றும். அதன் உட்பகுதி திருத்தப்பட்டிருக்கும். பதிப்பெண்ணை மட்டும் கண்டு “இது மூன்றாண்டுப் பழையது” எனக் கூறுவோர், நூலின் அட்டையைக் கண்டு அதன் உள்ளடக்கத்தை மதிப்பிடுவோரை ஒத்தவராவர்.

3. புதுமைவாதத்தின் குறைபாடு

புதுமைவாதிகளின் பிரதான வாதம் பாதுகாப்புப் பற்றியது. புதிய பதிப்பிற் பழைய குறைபாடுகள் யாவும் களையப்பட்டுவிட்டமையால் அதுவே பாதுகாப்பானது என்பர். இவ்வாதத்தில் ஒரு பாதி உண்மை உண்டு. அது மறந்துவிடும் மறுபாதி, புதிய பதிப்பு புதிய குறைபாடுகளையும் உடன்கொண்டு வருகிறது என்பதாகும். இதனை 2024 மார்ச் மாதத்து நிகழ்வொன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவியது.

எக்ஸ்-இசட் என்பது தரவுகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். உலகின் எண்ணற்ற சேவையகங்களில் அது இருப்பதைப் பெரும்பாலோர் அறியார். ஜியா டான் என்னும் பெயரில் இயங்கிய ஒருவர், ஈராண்டுகளுக்கு மேலாக அதற்குத் தொண்டராக உழைத்து நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்புரிமையையும் அடைந்து, 2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளினுள் ஒரு பின்கதவை மறைத்துவைத்தார். அப்பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது பகிரங்கமாக உறுதிப்படுத்தப்படவில்லை. தொலைவிலிருந்து சேவையகத்தினுள் நுழைவதற்கு உலகெங்கும் பயன்படும் ஓப்பின்-எஸ்எஸ்எச் வாயிலையே அது இலக்காகக் கொண்டிருந்தது. அப்பதிப்புகள் டெபியனின் நிலையா, சோதனைக் கிளைகளையும், வேறு சில வழங்கல்களின் முன்னணி வெளியீடுகளையும் சென்றடைந்துவிட்டன. டெபியனின் நிலைத்த வெளியீட்டிலோ 5.4.1 என்னும் முந்திய பதிப்பே இருந்தது. ஆகவே அதனைப் பயன்படுத்தியோர் இவ்வாபத்துக்கு உட்படவில்லை. புதியதே பாதுகாப்பானது என்று கொண்டோர் வீட்டின் கதவு திறந்துகிடக்க, பின்தங்கியோர் எனப்பட்டோர் வீட்டின் கதவு பூட்டியிருந்தது.

ஆனால் இந்நிகழ்வை நிலைத்த வெளியீட்டின் வெற்றியாக மட்டும் காட்டுவது அறிவு நேர்மையாகாது. அப்பின்கதவைக் கண்டறிந்தவர் யார்? போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் ஆக்குநர்களுள் ஒருவரான அன்ட்ரெஸ் பிறொயின்ட். அவர் பயன்படுத்திக்கொண்டிருந்தது டெபியனின் நிலையாக் கிளை. உள்நுழைவு ஏறத்தாழ அரை வினாடி தாமதிப்பதையும், நினைவகத்தைப் பரிசோதிக்கும் வல்கிரைண்ட் என்னுங் கருவி விளக்கமற்ற முறைப்பாடுகளைத் தருவதையும் அவர் அலட்சியம் செய்யாது ஆராய்ந்தமையாலேயே மார்ச் 29ஆம் நாள் உண்மை வெளிப்பட்டது. நிலையாக் கிளையை எவருமே பயன்படுத்தாதிருந்தால், அப்பின்கதவு அமைதியாக உறைநிலையைக் கடந்து அடுத்த நிலைத்த வெளியீட்டினுட் குடியேறியிருக்கும். அவ்விடத்தில் ஆண்டுக்கணக்கில் மாறாது இருந்திருக்கும். அப்பதிப்புகளை வழங்கல்களினுள் விரைவிற் புகுத்துமாறு வேண்டுகோள்கள் விடுக்கப்பட்டமையை நோக்குமிடத்து, அதுவே அதன் ஆக்குநரின் இலக்கு எனக் கருதுதற்கு இடமுண்டு.

எனவே இந்நிகழ்வு உணர்த்தும் பாடம் யாது? நிலைத்த வெளியீட்டின் நிலைபேறு, நிலையா வெளியீட்டைக் கொண்டோரின் விழிப்பினால் ஆக்கப்படுகிறது. இவ்விரண்டும் எதிர்முகாம்கள் அல்ல. ஒரே உற்பத்தி முறையின் இரு கட்டங்கள். இதனை உணர்ந்து நிலையாக் கிளையைக் கொள்பவர் ஒரு சமூகப் பணியை ஆற்றுகிறார். அன்ட்ரெஸ் பிறொயின்ட் செய்ததுபோல அரை வினாடித் தாமதத்தைக் கண்டு ஐயுற்று, ஆராய்ந்து, முறையிடுபவர்க்கு அது உரியது. முறையிடவும் அறியாது, உடைந்தால் அழித்துவிட்டு மீண்டும் நிறுவி, புதிய பதிப்பெண்ணைச் சக மாணவரிடம் காட்டி மகிழ்பவர் முன்னணியில் நிற்பவர் அல்லர். நவநாகரிகப் பண்டத்தின் நுகர்வோரே. புதுமை நாட்டம் வேறு, புதுமைப் பணி வேறு.

4. பழமைவாதத்தின் குறைபாடு

இனி மறுதரப்பினரை நோக்குவோம். ஓடிக்கொண்டிருப்பதைத் தொடலாகாது என்பார் தம் கொள்கையை நிலைபேறு எனக் கூறிக்கொள்கின்றனர். அது நிலைபேறன்று, தேக்கம். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணாதோர்க்கு 2017 மே 12ஆம் நாள் ஒரு பாடமாயிற்று. வன்னாகிறை எனப்பட்ட கப்பத் தீநிரல் அன்று உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளின் கணினிகளையும் முடக்கியது. அது பயன்படுத்திய குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் ஏறத்தாழ இரு மாதங்களுக்கு முன்னரே, அதாவது மார்ச் 14ஆம் நாளே, வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளுட் பெரும்பாலானவை அன்று பராமரிப்புக்கு உட்பட்டிருந்த விண்டோஸ் 7 இல் இயங்கியவை. அவர்கள் கொண்ட வெளியீடு தவறானதன்று. அவ்வெளியீட்டுக்கு வந்த திருத்தத்தைக் கொள்ளாமையே தவறு. பழைய வீட்டில் வாழ்வது குற்றமன்று. கூரையைத் திருத்த வந்த தச்சனைப் படலையிலேயே திருப்பி அனுப்புவது குற்றமாகும்.

நிலைத்த வெளியீடு என்றதும் அதனை வழுவற்றது என நம்பிவிடுவதும் இத்தரப்பினரின் மற்றொரு மயக்கம். 2006 செப்டெம்பரில் டெபியனின் பராமரிப்பாளர் ஒருவர், மேற்கூறிய அதே வல்கிரைண்ட் கருவி காட்டிய எச்சரிக்கையை அகற்றுவதற்காக, ஓப்பின்-எஸ்எஸ்எல் என்னும் மறைகுறியீட்டு மென்பொருளிற் சிறு மாற்றமொன்றைச் செய்தார். அம்மாற்றத்தினால் இரகசியத் திறவிகளை ஆக்குதற்கு வேண்டிய எழுமாற்றுத் தன்மை முற்றாகக் குன்றி, குறித்த ஒரு வகைத் திறவிக்கு 32,768 சாத்தியங்களே எஞ்சின. இவற்றை ஒவ்வொன்றாகப் பரீட்சித்துப் பார்ப்பது சாதாரண கணினிக்கும் எளிது. நிலையாக் கிளையிற் புகுந்த இவ்வழு சோதனைக் கிளையைக் கடந்து, உறைநிலையைக் கடந்து, 2007 ஏப்ரலில் நிலைத்த வெளியீடாகவே வெளிவந்தது. 2008 மே மாதத்திலேதான் அது கண்டறியப்பட்டது. அதற்குள் ஆக்கப்பட்ட திறவிகள் யாவும் மாற்றப்பட வேண்டியனவாயின. ஒரே கருவி 2006 இல் ஒரு பேரிடருக்குக் காரணமாகவும், 2024 இல் ஒரு பேரிடரைத் தவிர்க்கத் துணையாகவும் அமைந்தது. வேறுபாடு கருவியில் இல்லை. அதன் எச்சரிக்கையை ஒருவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதிலேயே உள்ளது. காலங் கடத்துவதனால் மட்டும் வழுக்கள் நீங்கா. எவரேனும் கூர்ந்து பார்த்தாலே நீங்கும்.

மாறாமை மிகுந்தவிடத்து அது தன் எதிர்நிலையாக மாறிவிடும் என்பதற்கும் வரலாற்றிற் சான்றுண்டு. 2002 ஜூலையில் வெளிவந்த டெபியனின் நிலைத்த வெளியீட்டுக்கு அடுத்தது 2005 ஜூனிலேயே வெளிவந்தது. அவ் ஏறத்தாழ மூன்றாண்டு இடைவெளியிற் பயனாளர் பலர் பொறுமை இழந்தனர். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்னும் வாக்குறுதியோடு 2004 ஒக்டோபரில் உபுண்டு தோன்றியது. அது தன் பொதிகளை டெபியனின் நிலையாக் கிளையிலிருந்தே பெற்றுக்கொண்டது. அக்காலத்தை ஒட்டியே லினக்ஸ் கர்னலிலும் ஒத்ததொரு நெருக்கடி நிலவியது. 2001 இன் இறுதியிலிருந்து 2003 டிசெம்பர் வரை புதிய தொடர் ஆக்கப்பட்டுக்கொண்டிருக்க, காத்திருக்க இயலாத வழங்குநர்கள் அதன் கூறுகளைப் பழைய தொடரினுள் தத்தம் விருப்பப்படி ஒட்டிக்கொண்டனர். விளைவாக, பெயரளவில் ஒன்றாகிய நிலைத்த கர்னல் ஒவ்வொரு வழங்கலிலும் வெவ்வேறாயிற்று. அவ்வனுபவத்தின் பின்னரே, நிலைத்த தொடர், ஆக்கத் தொடர் என நீண்டகாலம் பிரித்துவைக்கும் முறை கைவிடப்பட்டு, குறுகிய இடைவெளியில் வெளியீடுகளும் அவற்றுக்குத் தனித் திருத்தத் தொடர்களும் அமைந்தன.

மென்பொருள் ஆக்குநரின் முறைப்பாட்டையும் ஈண்டுக் குறிப்பிடாது விடுதல் நீதியன்று. எக்ஸ்-ஸ்கிறீன்சேவர் என்னும் திரைக்காப்பு மென்பொருளின் ஆசிரியராகிய ஜேமி சாவின்ஸ்கி, தாம் எப்போதோ களைந்துவிட்ட வழுக்களைப் பற்றி நிலைத்த வெளியீட்டுப் பயனாளர் தொடர்ந்து தமக்கே முறையிடுவதாகக் கூறி, பதிப்புப் பழையதானால் தானாகவே எச்சரிக்கும் செய்தியொன்றை மென்பொருளினுட் சேர்த்தார். 2016 இல் இது பெரும் பிணக்காயிற்று. நிலைபேற்றின் செலவை அதனால் நன்மை பெறாத ஒருவர் சுமக்க நேர்ந்தமையே அப்பிணக்கின் சாரம். பழமைவாதிகள் இச்செலவைக் கணக்கில் எடுப்பதில்லை.

5. நடுவழி என்னும் மயக்கம்

இவ்விரு முனைகளையும் கண்டு அஞ்சுவோர் நடுவழியொன்றை நாடுவர். நிலையாக் கிளையும் வேண்டாம், நிலைத்த வெளியீடும் வேண்டாம், இடையிலுள்ள சோதனைக் கிளையே பொருத்தமானது என்பர். நடுவழி என்பதனாலேயே அது நல்வழி ஆகிவிடும் என்பது தர்க்கமன்று. பாதுகாப்பை நோக்குமிடத்துச் சோதனைக் கிளை இரண்டிலும் இடர் மிகுந்ததாகலாம். நிலைத்த வெளியீட்டுக்குத் திருத்தங்கள் நேரடியாக வழங்கப்படுகின்றன. நிலையாக் கிளைக்குப் புதிய பதிப்புகள் உடனே வருகின்றன. சோதனைக் கிளையோ வழமையாக நிலையாக் கிளையிலிருந்து திருத்தம் இறங்கி வரும்வரை காத்திருக்க வேண்டும். சார்புப் பொதியொன்று தடைப்பட்டால் அக்காத்திருப்பு நீளும். வெளியீட்டை ஆக்குவோர்க்கு அக்கிளை ஒரு பட்டறை. பட்டறையிற் குடியிருக்க விரும்புவோர் அதன் இயல்பை அறிந்து புகுதல் வேண்டும்.

இதனினும் தீயது கலப்புமுறை. நிலைத்த வெளியீட்டை நிறுவிவிட்டு, தாம் விரும்பும் ஒரு மென்பொருளின் பொருட்டு நிலையாக் கிளையின் களஞ்சியத்தையும் சேர்த்துக்கொள்வோர் உளர். ஒரு பொதி தான் சார்ந்த அடிப்படை நூலகங்களையும் உடன் இழுத்துவர, சில நாள்களில் அக்கணினி எந்தக் கிளைக்கும் உரியதல்லாத ஒன்றாகிவிடும். உலகில் எவரும் சோதித்துப் பாராத ஒரு பணிசெயல் முறைமையை அவர் தனியொருவராய்ப் பயன்படுத்துகிறார் என்பதே இதன் பொருள்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. புதிய பதிப்புகளை நிலைத்த வெளியீட்டின் நூலகங்களோடு பொருந்துமாறு மீளக் கட்டி வழங்கும் களஞ்சியம் 2010 முதல் டெபியனின் அதிகாரபூர்வ அங்கமாக உள்ளது. பழைய கர்னல் அறியாத புதிய வன்பொருளை வாங்கியோர்க்கும் பெரும்பாலும் அதுவே போதுமானது. தமிழியல் சார்ந்த உதாரணம் ஒன்றும் இங்குப் பொருந்தும். பழந்தமிழ்ப் பின்னங்களுக்கும் கணக்குக் குறியீடுகளுக்கும் உரிய 51 வரியுருக்கள் 2019 மார்ச்சில் யூனிக்கோட் 12.0 இற் சேர்க்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் வெளிவந்த டெபியன் 10 இல் இருந்த பைதன் 3.7 யூனிக்கோட் 11.0 இன் அட்டவணையையே கொண்டிருந்தது. அதாவது, நான்கு மாதங்களுக்கு முன் நியமமாகிய முந்திரியையும் காணியையும் அது அறியாது. ஏடுகளிலும் பழைய கணக்கு நூல்களிலும் உள்ள இக்குறிகளை ஆராய விரும்பும் ஒருவர்க்குப் புதுமை உண்மையாகவே தேவைப்பட்டது. ஆயின் அவர் மாற்றவேண்டியிருந்தது முழுப் பணிசெயல் முறைமையையா? அன்று. ஓர் எழுத்துருவையும், தம் கோப்புறையினுள்ளே தனியாக நிறுவத்தக்க பைதனின் புதிய பதிப்பொன்றையுமே. தேவைப்பட்ட இடத்திற் புதுமையும் ஏனைய இடத்தில் நிலைபேறும் என்பது கலப்பன்று, பகுத்தறிந்த தெரிவு.

6. வாக்குறுதியும் உழைப்பும்

நிலைபேறு பண்டத்தின் குணமன்று, அது ஒரு வாக்குறுதி எனின், வாக்களித்தவர் யார் என்னும் வினா இன்றியமையாததாகிறது. செந்தோஸ் என்னும் வழங்கல், வணிக நிறுவனமொன்றின் நீண்டகால வெளியீட்டின் மூலநிரலிலிருந்து கட்டப்பட்டு, கட்டணமின்றிக் கிடைத்தமையாற் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் பரவலாகப் பயன்பட்டது. அதன் 8ஆம் வெளியீடு 2029 வரை பராமரிக்கப்படும் என நம்பப்பட்டது. 2020 டிசெம்பர் 8ஆம் நாள், அது 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. தனது சொந்த வழங்கலைப் பராமரித்துவந்த வேர்மி ஆய்வுகூடம் அதற்கு முந்திய ஆண்டிலேதான் செந்தோஸை நம்பி அடுத்த வெளியீட்டை ஆக்குவதைக் கைவிட்டிருந்தது. பின்னர் 2022 டிசெம்பரில் அதுவும் ஐரோப்பிய அணுவாய்வு நிலையமாகிய சேர்னும் அல்மாலினக்ஸைத் தமது நியமமாக அறிவிக்க நேர்ந்தது. மாறாமையின் மறு பெயராகக் கருதப்பட்ட வெளியீடே ஓர் அறிவிப்பால் மறைந்தது. நிலைபேற்றை இலவசமாகப் பெற்றோர், அதனை ஆக்குவோரின் தீர்மானங்களில் தமக்கு இடமில்லை என்பதை அன்று உணர்ந்தனர்.

தெரிவு தம் கையிலேயே உள்ளது என நம்புவோர்க்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு. 2024 ஜூலை 19ஆம் நாள் கிறவுட்ஸ்ட்றைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் இற்றைப்படுத்தல் ஒன்று, மைக்ரோசொப்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நிலைகுலையச் செய்தது. அம்மென்பொருளின் ஒரு படி பழைய பதிப்பையே கொள்வது என முன்னெச்சரிக்கையோடு தீர்மானித்த நிறுவனங்களும் தப்பவில்லை. மென்பொருளின் பதிப்பை மட்டுமே அத்தீர்மானம் கட்டுப்படுத்தியது. அதனுட் சென்ற தரவுக் கோப்பு எல்லோர்க்கும் ஒரே வேளையில் அனுப்பப்பட்டது. எது நிலைத்தது, எது மாறுவது என்பதை வழங்குநர் வகுத்த எல்லைக்குள் மட்டும் தெரிவு செய்பவர், தெரிவு செய்ததாக எண்ணிக்கொள்கிறார்.

லினக்ஸ் கர்னலின் நீண்டகால வெளியீடுகளை ஆறாண்டுகள்வரை பராமரிக்கும் நடைமுறை இரண்டாண்டுகளுக்குக் குறைக்கப்படும் என 2023 இல் அறிவிக்கப்பட்டமையும் இதே பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது. மிகப் பழைய தொடர்களைப் பயன்படுத்துவோர் சிலர்; பராமரிப்போரின் களைப்போ பெரிது என்பதே கூறப்பட்ட காரணம். உழைப்பவர் களைத்தால் நிலைபேறும் களைக்கும். எக்ஸ்-இசட் நிகழ்விலும் பின்கதவு நுழைந்த வழி இதுவே: அதுவரை அம்மென்பொருளை ஊதியமின்றித் தனியொருவராய்த் தாங்கிய பராமரிப்பாளரின் களைப்பே அந்நியர் ஒருவரை உதவியாளராக ஏற்கச் செய்தது.

7. முடிவுரை

மேற்போந்தவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தெரிவுக்கான அளவுகோல் வெளியீட்டின் வயதன்று என்பது தெளிவாகும். உடைந்தால் இழப்பு யாருக்கு என்பதே அளவுகோல். தன் மடிக்கணினி உடைந்தால் ஒரு மாலைப்பொழுதை இழக்கும் மாணவர், அம்மாலைப்பொழுதை வழுவாராய்ச்சிக்கு ஈயச் சித்தமாயின், நிலையாக் கிளையைக் கொள்ளட்டும், அது வரவேற்கத்தக்கது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் உள்ள மாணவர்க்கு அவ்வுரிமை இல்லை. அளவிடப்பட்ட தரவு இணைப்பிலும், 2022 இற்போல நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டிலும் பணியாற்ற நேர்வோர், நாள்தோறும் பெருந்தொகைப் பொதிகளை இறக்கிக்கொள்ளும் வெளியீட்டை ஏற்குமுன் இருமுறை சிந்தித்தல் வேண்டும். நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்தும் ஆய்வுகூடத்துக்கோ, நூலகத்தின் சேவையகத்துக்கோ, பரீட்சைப் பெறுபேறுகளைத் தாங்கும் தரவுத்தளத்துக்கோ நிலைத்த வெளியீடே உரியது. அதுவும் திருத்தங்கள் தவறாது இடப்படும் நிலைத்த வெளியீடே உரியது. பராமரிப்புக் காலம் கடந்தது உரியதன்று. பிறரது இழப்பை மூலதனமாக வைத்துத் தன் புதுமை வேட்கையைத் தீர்த்துக்கொள்ள எவர்க்கும் உரிமையில்லை.

நன்னூலார் பழையவை கழிதலையும் புதியவை புகுதலையும் காலத்தின் இயல்பாற் குற்றமல்ல என்றார். அதனை மேற்கோள் காட்டுவோர், புதியன யாவும் புகுத்தப்பட வேண்டும் என அவர் விதித்ததாகப் பொருள்கொள்வர். குற்றமன்று என்பது அனுமதி, கட்டளையன்று. புகும் புதியதைக் கூர்ந்து நோக்கும் கடமையிலிருந்து அவ்வனுமதி எவரையும் விடுவிக்காது.

இறுதியாக ஒன்று கூறவேண்டியுள்ளது. நிலைத்த வெளியீட்டைக் கொள்ளும் கல்வி நிறுவனம் பிறரது விழிப்பின் பயனை நுகர்கிறது. அந்நுகர்வு நேர்மையானதாக வேண்டுமாயின், அந்நிறுவனத்தின் ஓர் ஆய்வுகூடமேனும், அதன் மாணவருட் சிலரேனும் நிலையாக் கிளையை நிறுவி, வழுக்களைக் கண்டு, முறையாக அறிவித்து, இயலுமாயிற் களைந்து தருதல் வேண்டும். தமிழ் எழுத்துருக்களிலும், விசைப்பலகைகளிலும், தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் உள்ள வழுக்களைத் தமிழர் கண்டு கூறாவிட்டால் வேறு எவர் கூறுவார்? உறைநிலைக்கு முன் கூறப்படாத வழு, உறைநிலைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் மாறாது நிற்கும். நிலைத்த வெளியீட்டில் தமிழ் சிதைந்து தோன்றுகிறது எனப் பின்னர் குறைகூறுவோர், அது நிலையாததாயிருந்தபோது தாம் எங்கிருந்தோம் என்று முதலிற் தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக.